சூரிய வெளிச்சத்தால் விஷமாகும் தாவர வஸ்துக்களும் பயிர்ப் பூச்சிகளும்

பயிர்களுக்குச் சேதம் விளைக்கும் பூச்சி புழுக்களைக் கொல்வதற்கு விவசாயிகள் உபயோகிக்கும் விஷங்களில் பெரும்பாலானவை இரவு பகல் என்ற பேதமின்றி வேலை செய்பவை. புழுவின் வயிற்றிலோ உடலின் மேலோ பட்டால் அவை கொல்லும். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதனால் வித்தியாசம் அதிகமில்லை. சிலவகைத் தாவர விஷங்களை வெயில் கெடுத்தும் விடுகிறது. வேப்பம்பருப்புக் கரைசலைச் சாயங்கால வேளையில் தெளிக்க வேண்டுமென்று சொல்வதன் காரணம் இதுவே. கடும் வெயிலில் வேம்பின் சத்து சீக்கிரம் சிதைந்து போகிறது.

இதற்கு நேர்மாறான குணமுள்ள வஸ்துக்களும் செடிகளில் உண்டு. அவை இருட்டில் இருக்கும் வரையில் பூச்சிகளுக்கு அதிகத் தீங்கு செய்வதில்லை. சூரிய வெளிச்சம் பட்டவுடன் அவையே கொடிய விஷமாகின்றன. துலுக்கச் சாமந்தி, கரிசலாங்கண்ணி, கார்போகரிசி, எலுமிச்சை, அருவதா முதலிய, கிராமத்தில் யாவரும் அறிந்த செடிகளிலேயே இவ்வித வஸ்துக்கள் இருக்கின்றன. துலுக்கச் சாமந்தியைப் பயிர்ப் பாதுகாப்புக்காக நடும்படி விவசாயிகளுக்கு யோசனை சொல்லப்பட்டு வருவதால், அதன் விஷம் எப்பொழுது வேலை செய்யும், எப்பொழுது செய்யாது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். தெரியாமல் செய்தால் ஒரு பருவமும், நாற்று, ஆள் கூலி, தண்ணீர் ஆகிய செலவுகளும் வீணாகும். தெரிந்து செய்தாலோ, நூற்புழு பிடித்துக் கெட்டுப்போன தோட்டக்கால் நிலத்தை அதிகச் செலவின்றித் திருத்திக்கொள்ள இடமுண்டு.

வெயில் செய்யும் வேலை

இவ்விஷயம் முதன்முதலாகத் தெளிவாய்க் கண்டறியப்பட்டது ஜெர்மனி தேசத்து மூனிச் நகரத்தில். அங்கே டாப்பைனர் என்னும் ஆசிரியரிடம் பயின்று வந்த ஆஸ்கார் ராப் என்னும் மாணவர், அக்ரிடின் என்ற தார்ச் சரக்கு, தண்ணீரில் வாழும் மிக நுண்ணிய பிராணிகளை எவ்வளவு நேரத்தில் கொல்லுகிறதென்று பரிசோதித்து வந்தார். ஒரே அளவு மருந்து ஒரு நாளில் அப்பிராணிகளைச் சீக்கிரத்தில் கொன்றது. மற்றொரு நாளில் வெகு நேரம் சென்ற பிறகே கொன்றது. மருந்திலும் தண்ணீரிலும் யாதொரு வித்தியாசமும் இல்லை. அந்தந்த நாளில் அறையில் விழுந்த வெளிச்சமே வித்தியாசத்துக்குக் காரணமென்று அவர் ஆராய்ந்து கண்டு, 1900-ம் வருஷத்தில் வெளியிட்டார். பிறகு அவருடைய ஆசிரியரும் பிறரும் செய்த ஆராய்ச்சிகளில், வெளிச்சம் மாத்திரம் போதாது, பிராணவாயுவும் கூட இருந்தாலொழிய இவ்விஷம் வேலை செய்யாதென்பது ருஜுவாயிற்று.

வேலை நடைபெறும் விதம் பின்வருமாறு. சூரிய வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படும் நிறங்களோடு, ஊதா நிறத்துக்கு அப்பாற்பட்ட, கண்ணுக்குத் தெரியாத கிரணங்களும் இருக்கின்றன. துலுக்கச் சாமந்தியிலுள்ள வஸ்து இந்தக் கிரணங்களைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய சக்தியைத் தானே வைத்துக்கொள்ளாமல், அருகிலுள்ள பிராணவாயுவுக்குக் கொடுத்துவிடுகிறது. சாதாரணமாக உயிர்களுக்கு ஆதாரமாயுள்ள பிராணவாயு, இப்படிச் சக்தி ஏறிய நிலையில் எதைத் தொட்டாலும் அதைச் சிதைக்கும் தன்மை அடைகிறது. புழுவின் உடலிலுள்ள மெல்லிய சவ்வுகளும் சத்துக்களும் அதனால் வெந்ததுபோலக் கெட்டு, புழு மாண்டு போகிறது.

சக்தியைக் கொடுத்த வஸ்து உடனே செலவழிந்து விடுவதில்லை. அது பழைய நிலைக்குத் திரும்பி, மறுபடியும் வெளிச்சத்தை வாங்கி, மறுபடியும் பிராணவாயுவுக்குக் கொடுக்கிறது. ஏற்றக்காரன் ஒருவனே சால் சாலாகத் தண்ணீர் இறைத்து வயல் முழுவதையும் நனைப்பதைப் போல, மிகச் சிறிதளவு வஸ்துவும் பெரிய சேதத்தை விளைக்கிறது. கொசுப் புழுக்களைக் கொல்ல, தண்ணீரின் எடையில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் வெகு குறைவான அளவே போதுமென்பது பரிசோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. ஆனால் இருட்டில் வைத்த பாத்திரத்தில் அதே அளவு மருந்து அவ்வாறு கொல்லுவதில்லை.

இவ்விஷங்களுள்ள செடிகள்

இவ்வகை வஸ்துக்களை விவசாயிகள் மூன்று கூட்டமாக அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது, சாமந்திக் குடும்பத்துச் செடிகளிலுள்ளவை. துலுக்கச் சாமந்தி, செண்டுமல்லி, கேந்தி என்று பல பெயர்களால் வழங்கும் செடி மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்தது. அதன் பூவிலும் வேரிலும் ஆல்பா-டெர்தயனைல் என்னும் கந்தகம் கலந்த வஸ்து உண்டு. இதைப் பூவிதழ்களிலிருந்து பிரித்தெடுத்தது 1947-ம் வருஷத்தில். நம் வயல் வரப்புகளில் தானே முளைக்கும் கரிசலாங்கண்ணியிலும் இதன் இனத்தைச் சேர்ந்த வஸ்துக்கள் இருக்கின்றன. 1970-ம் வருஷத்துக்குப் பின்னர், கானடா தேசத்தில் டவர்ஸ், ஆர்னஸன் முதலிய சாஸ்திரிகள் இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றை ஆராய்ந்து, வெளிச்சத்தில் கொசுப் புழுக்களையும் பிற பூச்சிகளையும் கொல்லும் சக்தி அவற்றுக்கு உண்டென்று காட்டினார்கள்.

இரண்டாவது, ஸோரலென் இனத்தைச் சேர்ந்தவை. 1933-ம் வருஷத்தில் நமது தேசத்து ரசாயன சாஸ்திரிகளே இதைக் கார்போகரிசி விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கார்போகரிசியின் லத்தீன் பெயரிலிருந்தே இவ்வஸ்துவுக்குப் பெயர் உண்டாயிற்று. எலுமிச்சைத் தோல், அருவதா, அத்திப்பால், கொத்தமல்லிக் குடும்பத்துச் செடிகள் பல ஆகியவற்றில் இந்த இனத்து வஸ்துக்கள் காணப்படும். இவை பெரும்பாலும் பிராணவாயுவைக்கொண்டு வேலை செய்வதில்லை. வெளிச்சத்தின் உதவியால், உயிரணுவின் நடுவே பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் இழைகளில் நேரே ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கின்றன.

மூன்றாவது, ஐரோப்பாவில் களையாக வளரும் ஹைப்பரிகம் என்னும் செடியின் சிவப்பு வஸ்து. இது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே விஷமாகும். அச்செடியைத் தின்ற வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வெயிலில் தோல் வெந்து புண்ணாகும். வெள்ளை நிறத்தவைக்கு அதிகமாகவும், கறுப்பு நிறத்தவைக்குக் குறைவாகவும் தீங்கு உண்டாகும்.

பூச்சிகள் தப்பித்துக்கொள்ளும் வழிகள்

செடியில் விஷம் இருப்பதனால் மாத்திரம் பூச்சிகள் எல்லாம் அழிந்துவிடுமென்று எண்ணலாகாது. அப்படியானால் எலுமிச்சைக்கும் சாமந்திக்கும் புழுவே விழக்கூடாது. வெளிச்சத்தால் வேலை செய்யும் விஷத்துக்கு, வெளிச்சத்தை மறைப்பதே பெரிய மாற்று. பூச்சிகள் இதை நன்றாக உபயோகித்துக்கொள்கின்றன.

1978-ம் வருஷத்தில் மே பெரன்பாம் என்னும் அமெரிக்கப் பெண்மணி, படைப்புழு வகையொன்றுக்கு ஸோரலென் இனத்து விஷத்தை ஆகாரத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார். ஊதாவுக்கு அப்பாற்பட்ட கிரணங்கள் பட்ட புழுக்கள், அக்கிரணங்கள் படாத புழுக்களைக் காட்டிலும் மிகுதியாக மாண்டன. செடியில் பகிரங்கமாய் இருந்து இலையைத் தின்னும் புழுவுக்கே இவ்விஷத்தால் ஆபத்து அதிகம். இலையைச் சுருட்டி நூலால் கட்டி உள்ளே இருந்து தின்னும் புழுவுக்கு அந்தச் சுருளே குடையாகிறது. ஹைப்பரிகம் செடியின் இலைகளைச் சேர்த்துக் கட்டி உள்ளே வாழும் புழுக்கள், இவ்விதமே அதன் விஷத்துக்குத் தப்புகின்றன என்று 1989-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. தண்டையும் காயையும் துளைத்து உள்ளே செல்லும் புழுக்களுக்கும் வெளிச்சம் எட்டுவதில்லை. தடித்த கறுப்பு மேல்தோலுள்ள வண்டினங்களுக்கு அத்தோலே மறைப்பாக உதவும்.

வெளிச்சத்தை மறைக்காமலேயே தப்பும் பூச்சிகளும் உண்டு. அவை விஷத்தைத் தின்றவுடன் உடலுக்குள்ளேயே அதைச் சிதைத்துக் கழித்துவிடுகின்றன. துலுக்கச் சாமந்தி விஷத்தை மூவகைப் புழுக்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததில், புகையிலையைத் தின்னும் கொம்புப்புழு பெரிதும் கெட்டது. மக்காச்சோளத் தண்டு துளைப்பானும், புகையிலை மொட்டுப்புழுவும் விஷத்தை விரைவில் சிதைத்துத் தாங்கிக்கொண்டன. நம் எலுமிச்சை நாற்றுக்களை மொட்டையாக்கும் பட்டாம்பூச்சிப் புழு, ஆஸ்திரேலியாவில் கார்போகரிசி இனத்துச் செடிகளையே ஆகாரமாகக் கொண்டு வாழ்கிறது. மற்றப் புழுக்களுக்கு விஷமாயிருப்பது அதற்குச் சோறு.

ஹைப்பரிகம் செடியையும் இவ்வாறே சில வண்டுகள் தின்னப் பழகியிருக்கின்றன. கலிபோர்னியாவில் லட்சக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை அச்செடி கவர்ந்துகொண்டபோது, அவ்வண்டுகளை 1945, 1946-ம் வருஷங்களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டு, களையைப் பெரும்பாலும் ஒழித்தார்கள். தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளியைக் காக்கினீல் பூச்சி ஒழித்ததை ஒத்த விஷயம் இது.

இவற்றிலிருந்து விவசாயி அறிய வேண்டியது யாதெனில், ஒரு செடியில் பூச்சிவிஷம் இருக்கிறதென்று கேள்விப்பட்டால், அது எந்தப் பூச்சிக்கு, எந்த இடத்தில், எந்த நிலையில் வேலை செய்யுமென்று விசாரித்தே உபயோகிக்க வேண்டும் என்பதே.

துலுக்கச் சாமந்தியும் நூற்புழுவும்

தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், புடல், புகையிலை, வெற்றிலைக்கொடி முதலிய பயிர்களின் வேர்களில் முடிச்சு முடிச்சாக வீக்கம் உண்டாக்கும் நூற்புழு, தோட்டக்கால் விவசாயத்துக்குப் பெரிய சத்துரு. செடி நண்பகலில் வாடும், உரம் போட்டும் தேறாது, காய் சிறுக்கும். பிடுங்கிப் பார்த்தாலொழியக் காரணம் தெரியாது. பயறு வகைகளின் வேரிலுள்ள நன்மை தரும் முடிச்சுகளை இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருந்து, விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழுவால் உண்டாவதோ வேரே பருத்து வீங்கியது. அதைத் தேய்த்து எடுக்க முடியாது.

ஹாலந்து தேசத்தில் பூங்கிழங்கு பயிரிடுவோர், துலுக்கச் சாமந்தி நின்ற நிலத்தில் அடுத்த பயிருக்கு வேரழுகல் குறைவதைக் கண்டார்கள். அதன் வேரில் நூற்புழுவைக் கொல்லும் வஸ்து ஆல்பா-டெர்தயனைலே என்று 1958-ம் வருஷத்தில் அந்நாட்டு ரசாயன சாஸ்திரிகள் நிரூபித்தார்கள். வெளிச்சம் பட்டால் அதன் கொல்லும் சக்தி பன்மடங்கு பெருகுகிறதென்பது 1972-ம் வருஷத்தில் அங்கேயே தெரியவந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். வேர் இருப்பது மண்ணுக்குள். மண்ணுக்குள் வெயில் புகுவதில்லை. அப்படியிருக்க விஷம் எப்படி வேலை செய்யும்? இதற்கு இரண்டு சமாதானங்கள் உண்டு. உயிருள்ள வேரின் உள்ளே இருக்கும் ஒருவகை நொதிச் சத்து, வெளிச்சம் செய்யும் வேலையைத் தானே செய்து இவ்வஸ்துவைத் தூண்டுகிறதென்று ஹாலந்து சாஸ்திரிகள் கருதினார்கள். 2019-ம் வருஷத்தில் ஜப்பானில் வெளியான ஆராய்ச்சியில், வெளிச்சத்தில் இருப்பதைவிடக் குறைவாயினும், வெளிச்சமில்லாமலும் இவ்வஸ்து நூற்புழுவின் தோலுக்குள் ஊடுருவிச் சென்று அதைக் கொல்லுகிறதென்று காணப்பட்டிருக்கிறது. ஆகவே மண்ணுக்குள் இவ்விஷத்தின் பலம் மட்டானது. வெயிலில் உள்ள வேகம் அதற்கு அங்கே இல்லை. விஷத்தை நூற்புழுவின் அருகில் ஓயாமல் வைத்துக்கொண்டிருப்பது உயிருள்ள வேரே. நூற்புழு அவ்வேரினுள் புகுந்தாலும், பொதுவாக அங்கே வளர்ந்து முட்டையிட இயலாமல் போகிறது.

விவசாயிகள் அனுசரிக்க வேண்டிய முறைகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிடைக்கின்றன.

வேர் பரவாத இடத்தில் பலன் இல்லை. ஆகையால் தக்காளி வரிசைகளின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சாமந்திகளை நட்டுவிட்டு, நூற்புழு ஒழியுமென்று காத்திருப்பது வீண். நிலம் முழுவதும் நெருக்கமாக, செடிக்குச் செடி 7 அங்குலத்துக்கு மிஞ்சாமல் நட வேண்டும். பூவுக்காகப் பயிரிடும் அகன்ற இடைவெளி இதற்கு உதவாது.

வேர் நிலத்தில் நிலைத்து நிற்கும் காலமும் வேண்டும். காய்கறிப் பயிர் நடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முந்தியே சாமந்தி நிலத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதம் நிற்கவிட்டால் இன்னும் நலம். காய்கறியோடு சேர்த்து ஊடுபயிராக நடுவதைக் காட்டிலும், அதற்கு முன்பயிராக வைப்பதே பலன் தரும். ஊடுபயிராக நின்றால் தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டியும் உண்டாகும்.

களையிருந்தால் பலன் கெடும். நூற்புழு பல களைகளின் வேரில் பிழைத்துக்கொள்ளும். சாமந்திக்கு நடுவே களை மண்டியிருந்தால், ஒரு கையால் கொன்று மறு கையால் வளர்ப்பதாகும்.

பிடுங்கிய செடியை நறுக்கி மண்ணில் புதைப்பது தழையுரமாக உதவும். ஆனால் உயிருள்ள வேர் செய்யும் வேலையை அது செய்யாது. வேறிடத்திலிருந்து சாமந்தித் தழையைக் கொண்டுவந்து போடுவதால் நூற்புழு அடங்குமென்று நம்பி வண்டிக்கூலி கொடுப்பது உசிதமல்ல.

நூற்புழுவில் பல ஜாதிகளும், சாமந்தியில் பல ரகங்களும் உண்டு. ஒரு ரகம் ஒரு ஜாதி நூற்புழுவை அடக்கும். மற்றொரு ஜாதியை அடக்காது. சில சேர்க்கைகளில் நூற்புழு சாமந்தியின் வேரிலேயே பெருகுவதும் உண்டு. பெரும் பரப்பில் நடுமுன், வேரையும் வேரைச் சுற்றிய மண்ணையும் எடுத்து, பக்கத்திலுள்ள விவசாய அதிகாரியிடமோ ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டி, எந்த நூற்புழு என்று தெரிந்துகொள்வது நலம்.

சாமந்தியை எடுத்துவிட்டுக் காய்கறி நட்ட பின்பு, மிஞ்சிய நூற்புழுக்கள் மறுபடியும் பெருகத் தொடங்கும். ஒருமுறை செய்தால் என்றைக்கும் போதுமென்பது தவறு. பயிர்ச் சுழற்சியில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

பலனைத் தானே சோதித்துப் பார்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. நிலத்தில் ஒரு பகுதியைச் சாமந்தியில்லாமல் விட்டு வைக்கவும். சாமந்தி எடுத்தவுடன் இரண்டு பகுதிகளிலிருந்தும் தனித்தனியே மண்ணெடுத்து, அடையாளமிட்ட தொட்டிகளில் நிரப்பி, ஒரே நாற்றங்காலின் தக்காளி நாற்றுக்களை நடவும். சுமார் ஆறு வாரம் சென்றபின் செடிகளை மெதுவாக எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சுகளை எண்ணிப் பார்க்கவும். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாவிட்டால், அந்த ரகம் அந்த நிலத்துக்கு உதவாதென்று அறிந்து, அடுத்த வருஷம் அச்செலவை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

துலுக்கச் சாமந்தியும் காய்ப்புழுவும்

தக்காளிக் காயைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவுக்காகவும் துலுக்கச் சாமந்தி நடப்படுகிறது. இதில் சாமந்தி செய்யும் வேலை முற்றிலும் வேறு. இங்கே அது விஷமாக உதவுவதில்லை; இரையாக உதவுகிறது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, தக்காளியைவிடச் சாமந்திப் பூவை விரும்பி அதில் முட்டையிடும். புழுவும் அப்பூவைத் தின்றே சுகமாக வளரும். சாமந்தியின் விஷம் காய்ப்புழுவைத் தடுப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இம்முறையில் 25 நாள் வயதுள்ள தக்காளி நாற்று பதினாறு வரிசைக்கு, 40 முதல் 45 நாள் வயதுள்ள சாமந்தி நாற்று ஒரு வரிசை வீதம் ஒரே சமயத்தில் நடுவார்கள். இரண்டும் ஒருங்கே பூக்க வேண்டுமென்பதே வயது வித்தியாசத்தின் காரணம். சாமந்தியில் திரண்ட முட்டைகளையும் புழுக்களையும் பூவோடு பறித்து அழிக்க வேண்டும். பறிக்காமல் விட்டுவிட்டால், காய்ப்புழுவுக்குத் தீனி போட்டு வளர்த்ததாகவே முடியும்.

நூற்புழுவுக்காக நடும் சாமந்தியையும், காய்ப்புழுவுக்காக நடும் சாமந்தியையும் ஒன்றென்று நினைத்து, பதினாறுக்கு ஒரு வரிசை வைத்தே இரண்டும் தீருமென்று எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார்.

மருந்தாக்கித் தெளிக்கலாமா?

சாமந்திப் பூவையும் வேரையும் இடித்து, தண்ணீரில் ஊறவைத்தோ காய்ச்சியோ தெளித்தால் பூச்சி சாகாதா என்று கேட்பதுண்டு. இவ்வஸ்து தண்ணீரில் கரைவது மிகவும் அரிது. சாராயத்திலும் எண்ணெய்களிலும் கரையும். ஆகவே வெறுந்தண்ணீர்க் கஷாயத்தில் விஷம் எவ்வளவு இறங்கியிருக்கிறதென்பது நிச்சயமில்லை. இலையின் கீழ்ப்புறத்திலும் சுருளுக்குள்ளும் உள்ள பூச்சிகளுக்கு வெளிச்சமும் எட்டாது.

வெளிச்சத்தினால் வேலை செய்யும் இவ்வஸ்துவை வெளிச்சமே சிதைத்தும் விடுகிறது. விஷம் காயிலும் மண்ணிலும் நெடுநாள் தங்காதென்பது இதன் நற்குணம். தெளித்த மருந்து பல நாள் காவல் நிற்காதென்பது இதன் குறை. தண்ணீரில் வாழும் கொசுப் புழுக்களின் மேல் இதற்கு மிகுந்த வேகமிருந்தும், வெளிச்சத்தில் மீன்களுக்கும் தவளைக் குஞ்சுகளுக்கும் இது விஷமாயிருப்பதாகப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறபடியால், குளங்களிலும் வாய்க்கால்களிலும் தாராளமாக விடத் தக்கதன்று. கலங்கிய நீரில் கிரணங்கள் ஆழம் செல்லாமையால் பலனும் குறையும். இக்காரணங்களால், ஆராய்ச்சிச் சாலையில் பெயரெடுத்த இவ்வஸ்து, வயலில் தெளிக்கும் மருந்தாகப் பொது வழக்கத்துக்கு வரவில்லை.

ஆதலால் சாமந்திச் சத்து என்றும், எல்லாப் பூச்சிகளையும் கொல்லுமென்றும் சொல்லிப் புட்டிகளில் விற்கப்படும் சரக்குகளை, அரசாங்கப் பதிவும், எந்தப் பயிருக்கு எந்தப் பூச்சிக்கு என்ற விவரமும் புட்டியின் மேல் இருந்தாலொழிய வாங்கலாகாது. கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்லுதல் நலம்.

மனிதருக்கும் கால்நடைகளுக்கும் உள்ள அபாயம்

வெளிச்சத்தால் விஷமாகும் வஸ்துக்களுக்குப் பூச்சியென்றும் மனிதரென்றும் பேதமில்லை. எலுமிச்சம்பழம் ஏராளமாய்ப் பிழிந்த கையோடு, கழுவாமல் வெயிலில் வேலை செய்தால், தோல் சிவந்து கொப்பளித்துப் பின் கறுத்துத் தழும்பாவது இதனாலேயே. அத்திப்பாலும் அருவதாத் தழையும் இவ்வாறு செய்யும். சோப்பிட்டுக் கழுவிவிட்டு வெயிலில் இறங்கினால் அபாயம் நீங்கும். தோலில் வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பூசி வெயில் காட்டுவது நெடுநாள் வழக்கம். அளவு தவறினால் அது தோலைச் சுட்டுவிடுமாதலால், வைத்தியர் மேற்பார்வையின்றிச் செய்யக் கூடாது.

கால்நடைகளில் இதன் தீங்கு வேறு வழியாக வரும். புல் அற்ற காலத்தில் மாடுகள் உண்ணிச்செடியைத் தின்றால் ஈரல் கெடும். தின்ற பச்சைத் தழையின் நிறச்சத்து வயிற்றில் மாறி உண்டாகும் ஒரு வஸ்துவை, நல்ல ஈரலானது பித்தத்தோடு கழித்துவிடும். கெட்ட ஈரல் கழிக்காமையால், அது இரத்தத்தில் கலந்து தோலை அடைந்து, வெயில் பட்டவுடன் விஷமாகிறது. மூக்கு, காது, மடி, உடலின் வெள்ளை நிறப் பாகங்கள் ஆகியவை வெந்து தோலுரியும், கண் மஞ்சளாகும். தென்னாப்பிரிக்காவில் நெருஞ்சியை மேய்ந்த செம்மறியாடுகளுக்கு இதே விதமான நோய் வருவதுண்டு. அவற்றைக் கெடுப்பது மேற்சொன்ன வஸ்துவே என்பது 1934-ம் வருஷத்தில் கண்டறியப்பட்டது. இக்குறிகளைக் கண்டால் மாட்டை உடனே நிழலான தொழுவத்தில் கட்டி, அச்செடியும் பசுந்தழையும் கொடாமல் நிறுத்தி, கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். தோல் புண்ணென்று எண்ணி மருந்து தடவிக்கொண்டே வெயிலில் மேயவிட்டால், மாடு தேறுவது அரிது.

கவனத்தில் வைக்க வேண்டியவை

1. துலுக்கச் சாமந்தி எல்லாப் பூச்சிகளுக்கும் மருந்தல்ல. நூற்புழுவுக்கு அதன் வேர் உதவும். காய்ப்புழுவுக்கு அதன் பூ இரையாக உதவும்.

2. நூற்புழுவுக்கானால் நிலம் முழுவதும் நெருக்கமாக, களையின்றி, இரண்டு மூன்று மாதம் முன்பயிராக நிறுத்த வேண்டும்.

3. காய்ப்புழுவுக்கானால் வரிசைக் கணக்குப்படி நட்டு, புழு விழுந்த பூக்களைத் தவறாமல் பறித்து அழிக்க வேண்டும்.

4. வீட்டில் காய்ச்சிய சாமந்திக் கஷாயத்தையோ, பதிவில்லாத புட்டிச் சரக்கையோ நம்பிப் பயிரைக் கைவிடலாகாது.

5. சாமந்தியில் சிவப்புச் சிலந்தியும் இலைப்பேனும் பெருகக்கூடுமாதலால், அடிக்கடி இலையைத் திருப்பிப் பார்த்து, கண்டால் அடுத்த பயிருக்குப் பரவுமுன் தடுக்க வேண்டும்.

6. முதல் வருஷத்தில் சில சென்டு நிலத்தில் மாத்திரம் செய்து, சாமந்தியில்லாத பகுதியோடு ஒப்பிட்டு, வேரைப் பார்த்துப் பலன் தெரிந்த பிறகே விஸ்தாரமாகச் செய்ய வேண்டும்.

நூற்புழு பிடித்த நிலத்துக்கு ஒரு பருவத்தை விட்டுக்கொடுப்பது சிறு விவசாயிக்கு இலேசான காரியமல்ல. அப்பருவத்தில் சாமந்திப் பூவும் ஓரளவு விலைபோகுமாதலால், நஷ்டம் முழு நஷ்டமாகாது. ஆனால் பூ விலையைக் கருதி இடைவெளியை அகலமாக்கினால், பூ கிடைக்கும், நூற்புழு போகாது. இரண்டில் எதற்காக நடுகிறோமென்பதை நாற்று விடும் முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.